வழியில் விடப்பட்ட வண்டி

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பாரிஸ் மாநகரின் வாக்காளர்கள் விந்தையான ஒரு கேள்விக்கு விடையளிக்க அழைக்கப்பட்டார்கள். போரைப் பற்றியோ, வரியைப் பற்றியோ, ஆட்சியாளரைப் பற்றியோ எழுந்த கேள்வியன்று அது. தெருவோரங்களில் வாடகைக்கு விடப்பட்டிருந்த சிறிய மின் ஸ்கூட்டர்கள் நகரில் இருக்கலாமா, கூடாதா என்பதே கேள்வி. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு 89 பேர் கூடாது என்றனர். ஆனால் வாக்களிக்க வந்தவர்களோ, பட்டியலில் இருந்த ஏறக்குறைய 13 இலட்சத்து 80 ஆயிரம் பேரில் சற்றேறக்குறைய 1 இலட்சத்து 3 ஆயிரம் பேர் மட்டுமே. நூற்றுக்கு எட்டுப் பேர் கூட வரவில்லை. ஆயினும் அந்நாளில் மேயராயிருந்த ஆன் இதால்கோ, மக்கள் தீர்ப்பை ஏற்பதாக முன்னரே வாக்களித்திருந்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாத இறுதியோடு அந்த வாடகை வண்டிகள் பாரிஸ் தெருக்களை விட்டு அகன்றன.

ஸ்கூட்டர் என்றதும் நம் ஊரார் உட்கார்ந்து ஓட்டும் வண்டியையே நினைப்பார்கள். இது அதுவன்று. கால் வைத்து நிற்க ஒரு பலகை, முன்னும் பின்னும் இரு சிறு சக்கரங்கள், இடுப்புயரக் கம்பத்தின் மேல் ஒரு கைப்பிடி. சிறுவர்கள் ஒரு காலால் உந்தி விளையாடும் வண்டியில் மின்கலத்தைப் பொருத்தியது போன்றது. இத்தகைய ஒரு சிறு பொருளைப் பற்றி ஒரு மாநகரம் வாக்கெடுப்பு நடத்த வேண்டிய நிலை எதனால் வந்தது? அந்தத் தீர்ப்பு நேரியதுதானா? இவ்விரு வினாக்களையும் பின்தொடர்ந்தால், எல்லாருக்கும் உரிய இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்ற பழைய வினாவில் போய் நிற்கிறோம். அதைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திக்க விழைகிறோம்.

வந்த விதம்

2017-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள சாந்தா மோனிகா என்னும் கடற்கரை நகரில் ‘பேர்ட்’ என்ற நிறுவனம் இவ்வகை வாடகை வண்டிகளைத் தெருவில் விட்டது. 2018 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரத்தார், முன் அனுமதி ஏதுமின்றி மூன்று நிறுவனங்களின் வண்டிகள் தங்கள் நடைபாதைகளில் வந்து நிற்பதைக் கண்டனர். அவ்வாண்டு ஜூனில் அந்நகரம் அவற்றை அகற்றச் செய்து, பின்னர் உரிமம் பெற்றோருக்கு மட்டும் இடமளித்தது. அதே ஜூன் மாதத்தில் அவை பாரிஸில் கால் பதித்தன. ஓராண்டுக்குள் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் போட்டியிட்டன. வண்டிகளின் எண்ணிக்கை இருபதாயிரத்தைத் தொட்டது.

இவற்றின் நன்மையை மறைப்பது நேர்மையாகாது. இரயில் நிலையத்திலிருந்து வீடு வரையுள்ள கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு, கார் வாங்க இயலாத ஓர் இளைஞனுக்கு இவ்வண்டி உதவியது. கடைசி இரயிலும் போய்விட்ட பின் உணவகத்தில் வேலை முடித்துத் திரும்பும் பணியாளுக்கு உதவியது. கைப்பேசியால் ஒரு குறியீட்டைப் படம் பிடித்தால் பூட்டுத் திறக்கும். ஏறிச் செல்லலாம். போய்ச் சேர்ந்த இடத்திலேயே விட்டுவிடலாம். திருப்பி ஒப்படைக்க வேண்டிய கடையோ, காத்திருக்கும் கடைக்காரரோ கிடையாது.

இந்தக் கடைசி வசதியில்தான் சிக்கலும் தொடங்கியது என்பது நம் கருத்து.

மருத்துவமனையின் சாட்சியம்

இவ்வண்டியின் ஆபத்து அதன் உருவிலேயே இருக்கிறது. சைக்கிளின் பெரிய சக்கரம் எளிதாக ஏறி இறங்கும் சிறு பள்ளத்தில் இதன் சிறு சக்கரம் சிக்கிக்கொள்ளும். சக்கரம் நின்றுவிடும், நின்றபடியே வந்த மனிதர் முன்னால் வீசப்படுவார், தலையோ கையோ முதலில் தரையைத் தொடும். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் 2018 செப்டம்பர் முதல் நவம்பர் வரை சுகாதார அதிகாரிகள் நடத்திய ஆய்வில், ஒரு இலட்சம் பயணங்களுக்கு 20 பேர் காயமுற்றதாகக் கணக்கிடப்பட்டது. அப்படியானால் ஐயாயிரம் பயணங்களுக்கு ஒருவர். காயமுற்றோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத் தலையில் அடி. மூன்றில் ஒருவர் அன்றுதான் முதன்முறையாக அவ்வண்டியில் ஏறியவர். ஆய்வில் இடம்பெற்ற 190 ஓட்டுநர்களுள் தலைக்கவசம் அணிந்திருந்தவர் ஒரே ஒருவர்.

தலைக்கவசம் அணியாதவர் தம் தலையைத்தானே பணயம் வைக்கிறார், அதில் பிறருக்கென்ன என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கும் தாய் தந்தையர் உண்டு, மனைவி மக்கள் உண்டு என்று நாம் விடை கூறலாம். ஆனால் நம் உள்ளத்தை இதினும் கூடுதலாகத் தொட்டது இன்னொரு கணக்கு. தெற்குக் கலிபோர்னியாவின் இரு அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கு 2017 செப்டம்பர் முதல் ஓராண்டுக் காலத்தில் இவ்வண்டிகளால் காயமுற்று வந்த 249 பேரைப் பற்றி 2019-இல் மருத்துவ ஆய்வொன்று வெளியாயிற்று. அவர்களுள் 21 பேர் அவ்வண்டியில் ஏறியவர்களே அல்லர். 11 பேர் வண்டி மோதி விழுந்தவர்கள். 5 பேர் நிறுத்தி வைத்திருந்த வண்டியில் தடுக்கி விழுந்தவர்கள். எஞ்சிய 5 பேர், ஓடாமல் கிடந்த வண்டியைத் தூக்கவோ சுமக்கவோ முயன்று காயப்பட்டவர்கள்.

ஓடாத வண்டியால் காயமுற்ற இந்தப் பத்துப் பேரைச் சற்று எண்ணிப் பார்ப்போம். அவர்கள் வேகத்தை விரும்பவில்லை, வாடகை செலுத்தவில்லை, எந்த ஒப்பந்தத்திலும் ஒப்பமிடவில்லை. வண்டியில் ஏறுகிறவர் கைப்பேசித் திரையில் நீண்டதோர் ஒப்பந்தத்துக்கு இசைவு தெரிவிக்கிறார். ஆபத்து தம்முடையதே என்று அவர் ஏற்றுக்கொள்வது பெரும்பாலும் அதில் அடங்கியிருக்கும். நடைபாதையில் நடந்து வந்தவரிடம் யாரும் இசைவு கேட்கவில்லை.

நம் பங்கில் பார்வையிழந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். கைத்தடியோடு தனியாகவே கோயிலுக்கு வந்து போவார். ஒருநாள் நெற்றியில் கட்டோடு வந்தார். வழக்கமான நடைபாதையில் யாரோ குறுக்கே நிறுத்திவிட்டுப் போன மோட்டார் சைக்கிளின் கைப்பிடி இடித்ததாகச் சொன்னார். “சாமி, ஓடுற வண்டிக்கு எனக்குப் பயமில்லை. சத்தம் வரும், ஒதுங்கிக்குவேன். நிக்கிற வண்டிதான் ஒண்ணும் சொல்லாம நிக்குது” என்றார். அவர் குறைகூறவில்லை, நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். மின் ஸ்கூட்டரோ ஓடும்போதும் ஓசை எழுப்பாது. பாரிஸ் நடைபாதைகளில் சாய்ந்து கிடந்த வண்டிகளைப் பற்றிப் படித்தபோதெல்லாம் அந்தப் பெரியவரின் நெற்றிக் கட்டு நம் நினைவுக்கு வந்தது.

அறிமுகம் என்னும் கடிவாளம்

நாம் சிறுவராயிருந்த காலத்தில் ஊருக்கு ஊர் வாடகை சைக்கிள் கடைகள் இருந்தன. மணிக்கு இவ்வளவு என்று சில காசுகள். கடைக்காரர் ஒரு நோட்டில் பெயரையும் நேரத்தையும் எழுதிக்கொள்வார். புதியவன் ஒருவன் வந்தால், “நீ யார் மகன்?” என்பதே முதற் கேள்வி. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தால் மணி அடிக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, சக்கரம் கோணியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அஞ்சியே பல சிறுவர்கள் மேடு பள்ளம் பார்த்து ஓட்டினார்கள். வண்டி நம்முடையதன்று, ஆனால் அது யாருடையது என்பது நமக்குத் தெரியும். நாம் யார் என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நாம் பெருமூச்சு விடவில்லை. ஏழைச் சிறுவனுக்கு அறிமுகமில்லாவிட்டால் வண்டியும் கிடைக்காது என்ற குறை அன்றிருந்தது. புதிய முறை யாருக்கும் வண்டி தருகிறது. சாதியோ குலமோ கேட்பதில்லை. அது நன்றே. எனினும், கடைக்காரரின் முகம் மறைந்தபோது அதனோடு வேறொன்றும் மறைந்தது. பத்து நிமிடம் ஓட்டிய வண்டியை நான் விட்டுச் செல்கையில் அதைக் காண்பார் ஒருவருமில்லை. அடுத்து அதை எடுப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. அதில் தடுக்கி விழப்போகிறவரையும் தெரியாது.

மிகப் பலருக்குப் பொதுவான பொருளே மிகக் குறைந்த கவனத்தைப் பெறுகிறது என்று அரிஸ்டாட்டில் தம் ‘அரசியல்’ நூலில் குறிப்பிட்டார். மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று ஒவ்வொருவரும் எண்ணுவதே அதற்குக் காரணம். ஸ்கூட்டர் உண்மையில் பொதுப் பொருளன்று. ஒரு நிறுவனத்தின் உடைமை. ஆனால் அந்த நிறுவனம் தன் பொருளை வைத்த இடமோ எல்லாருக்கும் பொதுவான நடைபாதை. வருமானம் ஒருவருக்கு, வசதி மற்றொருவருக்கு, தடை மூன்றாமவருக்கு என்று இவ்வாறு மூன்றாகப் பிரிந்துபோனது.

விடுதலைப் பயண நூலின் சட்டத்தொகுதியில் குழியைப் பற்றிய ஒரு விதி உண்டு. ஒருவன் குழியைத் தோண்டி மூடாமல் விட்டு, அதில் பிறருடைய மாடோ கழுதையோ விழுந்து மடிந்தால், குழிக்கு உரியவன் ஈடுசெய்ய வேண்டும். அவன் யாரையும் தள்ளவில்லை. விபத்து நடந்த வேளையில் அவன் அவ்விடத்தில் இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. மூடாமல் விட்டது ஒன்றே அவன் குற்றம். செய்ததற்கு மட்டுமன்றி, விட்டுச் சென்றதற்கும் மனிதன் பொறுப்பாளி என்ற இவ்வுண்மையை அந்தப் பழங்கால மேய்ப்பர் சமூகம் தெளிவாகக் கண்டிருந்தது. இன்றைய நகரத்தில் குழியின் இடத்தில் குறுக்கே சாய்ந்து கிடக்கும் வண்டி. அதை ‘மூட வேண்டியவர்’ கடைசியாக ஓட்டியவரா, நிறுவனமா, இடமளித்த நகராட்சியா? மூவரும் அடுத்தவரைச் சுட்டும்போது குழி திறந்தே கிடக்கிறது.

சட்டம் எட்டிய தொலைவு

பாரிஸ் நகரம் எடுத்த எடுப்பில் தடைக்குப் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2019 அக்டோபரில் பிரான்சு அரசு இவ்வண்டிகளைச் சாலை விதிகளுக்குள் கொண்டுவந்தது. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. ஒரு வண்டியில் ஒருவரே செல்ல வேண்டும். நடைபாதையில் ஓட்டினால் 135 யூரோ தண்டம். 2020-இல் நகராட்சி மூன்று நிறுவனங்களை மட்டும் தெரிந்தெடுத்து, நிறுவனத்துக்கு 5,000 என 15,000 வண்டிகளுக்கு இடமளித்தது. குறிக்கப்பட்ட இடங்களில் மட்டுமே நிறுத்த வேண்டும் என்றது.

2021 ஜூனில் ஒரு துயரம் நிகழ்ந்தது. சேன் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்த இளம்பெண் ஒருவர் மீது, இருவர் ஏறி வந்த ஒரு ஸ்கூட்டர் மோதியது. வந்தவர்கள் நிற்காமல் சென்றார்கள். தலையில் அடிபட்ட அப்பெண் சில நாட்களுக்குள் உயிர் நீத்தார். அதன்பின் மக்கள் நெருக்கமுள்ள நூற்றுக்கணக்கான இடங்களில் வேகம் 10 கிலோமீட்டராகக் குறைக்கப்பட்டது. செயற்கைக்கோள் வழி இடமறிந்து, அந்த எல்லைக்குள் நுழைந்ததும் வண்டி தானாகவே வேகம் தணியும் ஏற்பாடு அது. இத்தனைக்குப் பின்னரும் 2022-இல் பாரிஸில் இவ்வகை வண்டிகளின் விபத்துகளில் 3 பேர் இறந்தனர்; 459 பேர் காயமுற்றனர்.

தானாக வேகம் தணியும் வண்டி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. அது உயிர்களைக் காக்கிறது, ஆகவே வரவேற்கத்தக்கது. ஆனால் எல்லையைக் கடந்ததும் அதே ஓட்டுநர் மீண்டும் விரைகிறார். மெதுவாகச் சென்றது வண்டி, அவர் மெதுவாகவில்லை. வெளியிலிருந்து பூட்டப்படும் கடிவாளம், பூட்டு இருக்கும் வரையே வேலை செய்யும். இரண்டு பேர் ஏறக்கூடாது என்பதை எந்தச் செயற்கைக்கோளும் அப்பெண்ணின் பொருட்டுத் தடுக்கவில்லை. விழுந்தவரை விட்டு ஓடக்கூடாது என்பதை எந்த இயந்திரமும் கற்பிக்க இயலாது.

தடை நேரியதா?

தடையை எதிர்த்தவர்களின் வாதங்கள் வலுவற்றவை அல்ல. நகரங்களில் ஸ்கூட்டரைவிடக் கார்களே மிகுதியாக உயிர் பறிக்கின்றன. காரைத் தடைசெய்ய யாரும் வாக்கெடுப்பு வைக்கவில்லை. வாக்களித்தவர்கள் சிறுபான்மையினர். தடை வாடகை வண்டிக்கு மட்டுமே. சொந்தமாக வாங்கியவர் இன்றும் பாரிஸில் ஓட்டலாம். அப்படியானால் வாங்க வசதியில்லாதவரிடமிருந்து மட்டும் அது பறிக்கப்பட்டது அன்றோ? மூன்றாவது வாதம் நம்மை உறுத்துகிறது. 2019 நவம்பரில் சிங்கப்பூர், முதிய பெண்மணி ஒருவர் ஸ்கூட்டர் மோதி இறந்த சில வாரங்களுக்குப் பின், நடைபாதைகளில் இவ்வண்டிகளை முற்றிலும் தடைசெய்தது. அங்கே ஓட்டியவர்களில் பலர் சொந்த வண்டியில் வீடு வீடாக உணவு கொண்டுசென்று பிழைத்தவர்கள். ஏறத்தாழ 7,000 பேரின் பிழைப்பு ஓரிரவில் ஆட்டம் கண்டது. அவர்கள் வேறு வாகனத்துக்கு மாற 70 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி உதவி பின்னர் அறிவிக்கப்பட்டது. பலவீனரைக் காக்க எழுந்த சட்டத்தின் சுமை வேறொரு பலவீனர் மேல் விழுந்தது. விதி வகுப்போர் இதை மறத்தலாகாது.

மனிதச் சட்டம் எல்லாத் தீமைகளையும் தடைசெய்ய முற்படக் கூடாது; பெரும்பாலோர் விலக்கக்கூடிய கொடிய தீமைகளை, குறிப்பாகப் பிறருக்குத் தீங்கிழைத்துச் சமூக வாழ்வையே குலைப்பவற்றைத் தடுப்பதே அதன் எல்லை என்று தூய தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், பத்து நிமிட வசதியைத் தேடியவரைத் தண்டிப்பது சட்டத்தின் வேலையன்று. நடந்து செல்பவரின் வழியை மீட்டுத் தருவது அதன் வேலை. நகரத்தில் பணமின்றி, உரிமமின்றி, கண்ணொளி கூட இன்றி ஒருவர் உரிமையோடு நிற்கக்கூடிய இடம் நடைபாதை ஒன்றே. அதையும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால் அவருக்குப் போக்கிடம் இல்லை. வண்டியில் செல்பவருக்கோ வேறு வழிகள் சில உண்டு. எனவே இருவரின் நலன்களும் மோதும்போது நடப்பவரின் பக்கம் சட்டம் சாய்வதில் அநீதி இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆயினும் தடையை ஒரு வெற்றி என்று கொண்டாட நம் மனம் ஒப்பவில்லை. வேறு நகரங்கள் வேறு வழிகளைக் கண்டன. நார்வே நாட்டின் ஆஸ்லோ நகரம் 2021-இல் வாடகை வண்டிகளின் எண்ணிக்கையை 8,000-ஆகக் குறைத்து, இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை வாடகைக்கு விடுவதை நிறுத்தியது. கோபன்ஹேகன் 2020-இல் நகரின் நடுப்பகுதியிலிருந்து அவற்றை விலக்கி, மறு ஆண்டு நிறுத்துமிடக் கட்டுப்பாட்டோடு மீண்டும் ஏற்றது. மறுபுறம், மெல்பர்ன் 2024 ஆகஸ்டிலும் மாட்ரிட் அதே ஆண்டின் இறுதிப் பகுதியிலும் வாடகை வண்டிகளுக்கு இடமில்லை என முடிவெடுத்தன. கட்டுப்பாடும் தடையும் ஆகிய இரண்டில் எது சிறந்தது என்பது அந்தந்த நகரத்தின் அகலத்தையும் நெருக்கத்தையும் பொறுத்தது. ஆனால் ஒன்று தெளிவு. ஒரு நகரம் தடைக்கு வந்து சேர்கிறபோது, அதற்கு முன் எண்ணற்ற தனிமனிதர்கள் எண்ணற்ற முறை தவறியிருக்கிறார்கள். தங்கள்மேல் தாங்களே வைக்க மறுத்த கடிவாளத்தைச் சட்டம் கடைசியில் வைக்கிறது. அதோடு, ஒழுங்காக ஓட்டி ஒழுங்காக நிறுத்தியவனும் தன் வண்டியை இழக்கிறான். அவனுக்கு அது அநீதியே. அந்த அநீதியைச் செய்தவர்கள் நகராட்சியார் மட்டுமல்லர். குறுக்கே போட்டுவிட்டுப் போனவர்களும்தாம்.

அரை நிமிடம்

ஆகவே நம் முடிவு இது. நகரம் தன் விதிகளை வகுக்கும்போது, வண்டியில் ஏறாதவரையே முதலில் நினைக்க வேண்டும். நிறுவனம் வருமானத்தைப் பெறுவதுபோலவே, தன் பொருள் எங்கே எப்படிக் கிடக்கிறது என்ற பொறுப்பையும் ஏற்க வேண்டும். ஒப்பந்த வாசகத்தால் அதை ஓட்டுநர் தோளுக்கு மாற்றிவிட முடியாது. இவ்விரண்டையும் சட்டத்தால் செய்விக்கலாம்.

மூன்றாவது ஒன்று உண்டு. அது பயணத்தின் கடைசி அரை நிமிடம். வந்து சேர்ந்தாயிற்று, கட்டணம் செலுத்தியாயிற்று, நண்பர்கள் காத்திருக்கிறார்கள், காண்பார் யாருமில்லை. வண்டியைச் சுவரோரம் நேராக நிறுத்தினாலும் அதே கட்டணம், குறுக்கே விட்டாலும் பெரும்பாலும் அதே கட்டணம். இந்த அரை நிமிடத்தில் ஒருவன் செய்வதற்குப் பரிசும் இல்லை, பழியும் இல்லை. தான் ஒருநாளும் காணப்போகாத ஒருவருக்காக அவன் வண்டியை நகர்த்துவானா என்பதே கேள்வி. அறநெறியைப் பற்றி நாம் குருமடத்தில் கற்ற தடித்த நூல்கள் பலவும் கடைசியில் இக்கேள்வியையே வேறு சொற்களில் கேட்டன என்று இப்போது தோன்றுகிறது.

இந்த அரை நிமிடம் பாரிஸ்வாசிக்கு மட்டும் உரியதன்று. திருமண வீட்டின் முன்னும், பள்ளி வாயிலிலும், ஏன், நம் கோயில் முற்றத்திலுங்கூட வண்டியை விட்டுவிட்டு விரைகிற நம் ஒவ்வொருவருக்கும் அது நாள்தோறும் வந்துபோகிறது. பார்வையிழந்த அந்தப் பெரியவர் இப்போதும் அதே நடைபாதையில்தான் வருகிறார். கைத்தடி முன்னே தட்டித் தட்டி வழி கேட்கிறது. அந்த வழியில் நாம் எதை விட்டு வந்திருக்கிறோம் என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தால் என்ன?